கை நனைக்காத எட்டு நாள்

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. பெட்டி மேல ஏறாது, காலுக்கு அடியில வச்சுக்கறேன். இந்தப் பை மட்டும் மடியில இருக்கட்டும். உள்ள ஒண்ணும் இல்ல, சோத்துப் பொட்டலம். ஏர்போர்ட்லயே தூக்கிப் போட்டுட்டு வந்துருக்கணும். குப்பைத் தொட்டிதான் கண்ணுல படல.

நீ புதுக்கோட்டையா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். மலேசியாவுல இருந்து வரேன். அப்படிப் பாக்காத, அங்க குடியிருக்கல. எட்டு நாளு இருந்துட்டு வரேன். விருந்துக்குப் போனியான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன். காவலுக்குப் போனேன்.

எம்பையன் தீபன், விவசாயக் காலேஜுல மூணாவது வருஷம் படிக்கிறான். இளைஞர் கல்விச் சுற்றுலான்னு ஒண்ணு. நம்ம நாட்டுல இருந்து இருபது பசங்கள எடுத்து, பன்னெண்டு நாளு மலேசியாவுல ரப்பர் தோட்டம், செம்பனைன்னு எண்ணெய் எடுக்கற பனைத் தோட்டம், ஆராய்ச்சி நிலையம்னு சுத்திக் காட்டி, முடிவுல ஒரு சர்ட்டிபிகேட்டு குடுப்பாங்களாம். அவன் காலேஜுல அவன் ஒருத்தனுக்குத்தான் கெடச்சுச்சு. மரத்தப் பாக்க எதுக்குடா பிளேன் ஏறணும், நம்ம ஊர்ல மரமே இல்லையான்னேன். அவன் பாட்டுக்குப் பெட்டிய எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சுட்டான். இந்தக் காலத்துப் பசங்க எதுக்குத்தான் பதில் சொல்லுதுக.

ஞாயித்துக்கெழம காலையில ஒம்பது மணிக்கு கோலாலம்பூர்ல ஒரு ஹாஸ்டலுக்கு வந்து சேந்துரணும்னு கடுதாசி வந்துச்சு. சரி, சனிக்கெழம பிளேன் ஏறுனாப் போதும்ல? அங்கதான் எங்க நாத்தனா மூக்க நுழைச்சா. வளர்மதின்னு பேரு. எங்க வீட்டுக்காரரு கூடப் பொறந்த ஒரே தங்கச்சி. இருபத்தி நாலு வருஷத்துக்கு முன்ன கோலாலம்பூர் பக்கத்துல கிள்ளான்ல கட்டிக் குடுத்தது. அவ வீட்டுக்காரரு, எனக்கு அண்ணன் மொற, அங்க ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. ஒரே பொண்ணு, லோஷினி. பேரப் பாத்தியா. வாயில வச்சா வழுக்கிட்டுப் போகுது.

இவ போன் பண்ணி, "அண்ணி, தம்பிய ஒரு வாரம் முன்னாடியே அனுப்புங்க. நீங்களும் கூட வாங்க. ஒரு நல்ல காரியம் பேசணும்"ன்னா.

நல்ல காரியம்னா என்ன? நீயே சொல்லு. வீட்ல இருபத்திரெண்டு வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு, அண்ணன் பையனக் கூட்டிட்டு வாங்க, நல்ல காரியம் பேசணும்னா, அது என்ன காரியமா இருக்கும்? எனக்கு அந்த நிமிசமே வெளங்கிருச்சு. லோஷினிக்கு எம்பையன் மொறை மாப்பிள்ளை. இவனுக்கு இருவத்தி ஒண்ணுதான் ஆகுது, பொண்ணு ஒரு வயசு மூப்பு. அதெல்லாம் அவளுக்குப் பெருசா தோணாது. எம்பையன் படிப்பு, எம்பையன் அறிவு, இதுக்கெல்லாம் அங்க எத்தன பேரு போட்டி போடுவாங்கன்னு அவளுக்குத் தெரியாதா?

எங்க வீட்டுக்காரரு என்னமோ சொல்ல வந்தாரு. "இல்ல, விஷயம் என்னன்னா, வளரு எங்கிட்ட..."ன்னு இழுத்தாரு. நான் பேசவே விடல. உங்க தங்கச்சி விஷயத்துல நீங்க வாயத் தொறக்காதீங்கன்னுட்டேன். அந்த மனுசனுக்குக் கால்ல சக்கரைப் புண்ணு, பிளேன்ல அவ்வளவு நேரம் காலத் தொங்கப் போட்டு உக்காரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இல்லன்னா அவரே போயி எம்பையனத் தட்டுல வச்சுக் குடுத்துட்டு வந்துருப்பாரு. நான் வாசப்படி எறங்கறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "அங்க போயி அவ கையால ஒரு வாய் சாப்ட்டு வா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்"ன்னாரு. சரின்னு தலைய ஆட்டிட்டு வந்தேன்.

தலைய ஆட்டுனா ஆச்சா? எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கும்மா. உங்கள்ல எப்படியோ. பொண்ணு பாக்கப் போற வீட்ல, பேச்சு முடியற வரைக்கும் கை நனைக்க மாட்டோம். காப்பித் தண்ணி குடிக்கலாம், பழம் திங்கலாம். சோத்துல கை வச்சுட்டா சம்மதம்னு ஆயிரும். அப்புறம் அந்த வீட்ல வந்து இல்ல, வேண்டாம்னு பேச முடியாது. இது வளர்மதிக்கும் தெரியும், அவளும் எங்க ஊருதான? அதனால பிளேன்ல உக்காந்துக்கிட்டே முடிவு பண்ணிட்டேன். எட்டு நாளும் அவ வீட்ல நான் கை நனைக்கப் போறதில்ல. எம்பையனும் நனைக்கக் கூடாதுன்னு அவங்கிட்டயும் சொல்லிட்டேன். "என்னம்மா பைத்தியக்காரத்தனம்"னான். உன் நல்லதுக்குத்தான்டான்னேன்.

போயி எறங்குனா அவ வீட்டப் பாக்கணுமே. புதுத் திரைச்சீலை. எங்களுக்குன்னு ஒதுக்குன ரூம்புல புதுசா ஏசி மாட்டிருக்கா, மேல ஒட்டுன காகிதத்தக் கூட இன்னும் கிழிக்கல. கட்டில்ல புது மெத்த. சும்மா செய்வாளா இதெல்லாம்? மாப்பிள்ளைக்கு வல வீசுறதுன்னா இப்படித்தான். உள்ள போனதும் மீன் கொழம்பு வாசன. "அண்ணி, உங்களுக்குப் புடிக்கும்னு வஞ்சிரம் வாங்கியாந்தேன்"ங்கறா. எனக்குப் பசி வயித்தப் பிராண்டுது. "இல்லம்மா, நான் விரதம்"ன்னுட்டேன்.

"என்னா விரதம் அண்ணி?"

"வேண்டுதல்" அப்படின்னேன். அது ஒண்ணும் பொய் இல்ல.

ஊர்ல இருந்து அவலு, பொட்டுக்கடலை, முறுக்கு எல்லாம் ஒரு பை நெறைய கொண்டு போயிருந்தேன். காலையில அவல நனைச்சுத் திம்பேன். மத்தியானம் வாழப்பழம். சாயங்காலம் லோஷினி வேலைக்குப் போயிட்டு வரப்ப ரொட்டி சானாய்னு ஒண்ணு வாங்கிட்டு வருவா, நம்ம பரோட்டாவ அடிச்சு ஒல்லியாக்குன மாதிரி இருக்கும். அதத் திம்பேன். கடையில வாங்குனது வேற, வீட்ல ஆக்குனது வேற. அவ கூடப் பாவம், ரெண்டாவது நாளே அதக் கண்டுபிடிச்சுட்டா, கேக்காமலேயே வாங்கிட்டு வந்துருவா. பல்லு டாக்டருகிட்ட உதவிக்கு இருக்கா அந்தப் பொண்ணு. வீட்ல இருக்கற நேரமெல்லாம் போன காதுல வச்சுக்கிட்டு மாடிப்படிக்கு அடியில உக்காந்துருப்பா. எங்களக் கண்டா எந்திரிச்சு ரூம்புக்குள்ள போயிருவா. வெக்கப்படுறாளாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

அங்க ஒரு பேச்சு. காலைச் சாப்பாட்டுக்கு 'பசியாறுறது'ம்பாங்க. அண்ணன் தெனமும் காலையில வேன் எடுக்கப் போறதுக்கு முன்ன என் எதுக்க வந்து நிப்பாரு. "தங்கச்சி, பசியாறியாச்சா?" ஆச்சுண்ணேம்பேன். அவரு அடுக்களப் பக்கம் பாப்பாரு, வளர்மதி தலைய ஆட்டுவா, இல்லன்னு. அவரு வேன் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிருவாரு. இப்படியே தெனமும். புருசனும் பொண்டாட்டியும் கண்ணாலயே பேசுனா எனக்கு வெளங்காதா?

மூணாம் நாளு அவ வேல காட்டுனா. கஞ்சி வச்சுக் கொண்டாந்து, "அண்ணி, இது சோறு இல்ல, கஞ்சி. விரதத்துக்குக் குடிக்கலாம்"ங்கறா. அரிசியப் போட்டுக் காய்ச்சுனா கஞ்சின்னா என்ன, சோறுன்னா என்ன. நான் தம்ளரத் தள்ளி வச்சுட்டேன். அவ எடுத்துக்கிட்டு உள்ள போனா. அடுக்களையில பாத்திரம் உருட்டுற சத்தமே ரொம்ப நேரம் கேக்கல.

அவ கஞ்சி எனக்குப் புதுசு இல்ல. நான் கல்யாணமாகி வந்த வருஷம், இருபத்தியாறு வருஷம் இருக்கும், எனக்கு அம்மை போட்டுச்சு. மாமியா கிட்டத்துல வரமாட்டா. இவதான் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டுனா, பதினஞ்சு நாளு. வயசுப் பொண்ணு, வீட்ல சும்மா இருந்தா, செஞ்சா. அதே மாதிரி எங்க மாமியா புளிச்சோறு கிண்டுனா வெந்தயத்த வறுத்து அள்ளிக் கொட்டும். எனக்கு வெந்தயம் தொண்டையில எறங்காது, கசக்கும். இவ எனக்குன்னு ஒரு கிண்ணத்துல தனியாத் தாளிச்சு மறைச்சு வைப்பா. அதெல்லாம் அப்ப. அதுக்காக எம்பையன எழுதிக் குடுக்க முடியுமா?

அவளும் ஒரு தடவ ஊருக்கு வந்தா, பதினோரு வருஷம் இருக்கும். நாலு நாளு இருந்தா. எனக்கு அப்ப எங்கம்மா வீட்ல வேல இருந்துச்சு, போயிட்டேன். அவளே ஆக்கி, அவளே அவ அண்ணனுக்குப் போட்டு, அவளே பாத்திரத்தக் கழுவிக் கவுத்துட்டுப் போயிருந்தா. எனக்கென்ன தெரியும், அவ வர்ற நேரமா பாத்து வேல வரும்னு.

தீபன் எப்படி இருந்தான்னு கேக்கறியா? கெட்டிக்காரன். சாப்பாட்டு நேரத்துக்கு எங்கூடவே உக்காந்து அவல மென்னுக்கிட்டு இருப்பான். ஆனா பாரு, எட்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறிட்டான். மூஞ்சி தளதளன்னு ஆயிருச்சு. அந்த ஊருக் காத்து அப்படின்னு நெனச்சேன்.

வெள்ளிக்கெழம சாயங்காலம் வெளக்கேத்தி முடிச்சா. அண்ணன் வேட்டி கட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. அந்த மனுசன் வீட்ல எந்நேரமும் அரைக்கால் டவுசரு. கையில தாம்பாளம். வெத்தல, பாக்கு, பூவு, ஒரு பட்டுச் சேல, வேட்டி சட்ட. எனக்கு மேலெல்லாம் சுறுசுறுன்னு வந்துருச்சு. இதுக்குத்தான மூணு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேன். எந்திரிச்சு நின்னுட்டேன்.

"வளர்மதி, நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிர்றேன். எம்பையன் படிக்கிறவன். அவனுக்கு இப்ப கல்யாணப் பேச்சு கெடையாது. இப்பன்னு இல்ல, இந்த வீட்ல எப்பவும் கெடையாது. லோஷினிய நான் மருமகளா மனசாலயும் நெனச்சதில்ல."

ஒரு எடத்துலயும் தடுக்கல. கோர்ட்டுல வக்கீலு பேசுற மாதிரி பேசிட்டேன்.

அண்ணன் தாம்பாளத்தோட அப்படியே நிக்கிறாரு. வளர்மதி தரையில உக்காந்துட்டா. உக்காந்து, முந்தானையில மூஞ்சிய மூடிக்கிட்டு அழுவுறா. நானும் சரி, ஆசப்பட்டது நடக்கல, அழுதுட்டுப் போகட்டும்னு நிக்கிறேன். கொஞ்ச நேரங்கழிச்சுக் கண்ணத் தொடச்சுட்டு நிமுந்து பாத்தா.

"அண்ணி, அப்ப உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"எனக்கு எதுக்குக் கோவம்?"

"லோஷினிக்கு வெளிய எடம் பாத்துட்டோம் அண்ணி. அது உங்களுக்குத் தெரிஞ்சு போயிதான் சாப்பிடாம இருக்கீங்கன்னு நெனச்சோம். ஆறு நாளா நாங்க யாரும் சரியாத் தூங்கல."

எப்படி இருக்கு கத? அங்க ஈப்போன்னு ஒரு ஊருல யாரோ ஒரு பையனாம், தீயணைப்பு வண்டியில வேல பாக்குறானாம். லோஷினியும் அவனும் ரெண்டு வருஷமாப் பேசிக்கிட்டு இருக்காங்களாம். அடுத்த மாசம் பூ வைக்கிறாங்களாம். எங்கள்ல மொறைப் பையன் இருக்கறப்ப பொண்ண வெளிய குடுக்கணும்னா, தாய்மாமன் வீட்டுக்குத் தட்டு வச்சு, அவங்க சம்மதம் சொல்லி வாங்கிக்கணும். தாய்மாமன் வீட்டுக்காரங்க முகம் கோணிப்போயி ஒரு பொண்ணு வெளிய போனா அது நல்லா வாழாதுன்னு பயம். இவளுக்கு அந்தப் பயம். அதான் நல்ல காரியமாம். அதான் புது ஏசியாம், வஞ்சிர மீனாம். எங்க வீட்டுக்காரருக்கு இது ரெண்டு மாசத்துக்கு முன்னயே தெரியுமாம். போன்லயே சரின்னுட்டாராம். ஆனா தட்ட நேர்ல வந்து கையில வாங்கணும், அதுக்கு நானோ எம்பையனோ வேணுமாம்.

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? அவமானமா இருந்துச்சும்மா. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, ஒங்கிட்டச் சொல்றேன். பூமிக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. கேக்காத பொண்ண வேண்டாம்னு சொல்லிட்டு நடுவீட்ல நிக்கிறேன். அந்தப் பொண்ணு மாடிப்படியில நின்னு பாக்குது.

அடுத்த நிமிசம் கோவம் வந்துருச்சு. எம்பையனுக்கு என்ன கொறச்சல்? சொல்லு. காலேஜுல ஒருத்தனுக்குக் கெடச்ச டூரு எம்பையனுக்குக் கெடச்சுருக்கு. அவன விட்டுட்டு நெருப்புக்குத் தண்ணி அடிக்கிறவனப் பாத்துருக்கா. ஒரு வார்த்த கேக்க வேணாமா? அண்ணி, தம்பிக்கு லோஷினியக் கேக்கலாமான்னு இருக்குன்னு கேட்டுருந்தா நான் மொறையா முடியாதுன்னு சொல்லிருப்பேன். அந்த மரியாதையக் கூடக் குடுக்கல.

"தட்ட வாங்கிக்கங்க தங்கச்சி"ன்னு அண்ணன் கிட்ட வந்தாரு.

"யோசிச்சுச் சொல்றேன்"ன்னுட்டு ரூம்புக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டேன். தீபன் பின்னாடியே வந்தான். "என்னத்தம்மா யோசிக்கப் போற?"ன்னான். யோசிக்க ஒண்ணும் இல்லதான். ஆனா அவ காத்துக் கெடக்கட்டும்னு இருந்துச்சு.

மறுநா சனிக்கெழம, அந்தப் பொண்ணே நேரா எங்கிட்ட வந்துச்சு. வெக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கட்டில் ஓரத்துல உக்காந்து, "அத்தை, நீங்களும் வேணாம்னு சொல்றீங்க, நானும் வேணாம்னு சொல்றேன். அப்ப என்னா பிரச்சன?"ன்னுச்சு.

"வேணாம்னு நான் சொல்லலாம். நீ சொல்லக் கூடாது"ன்னேன்.

அது கட்டில் விரிப்ப இழுத்து விட்டுச்சு. அப்புறம், "அம்மா அழுதுட்டே இருக்காங்க அத்தை. நிச்சயத்துக்காக இல்ல. இருபத்தி நாலு வருஷத்துல அவங்க அம்மா வீட்லருந்து ஒருத்தர்கூட இந்த வீட்டுக்கு வந்ததில்ல, இந்த வீட்ல ஒரு வாய் சோறு தின்னதில்ல. நீங்க வரீங்கன்னு ஒரு மாசமா என்னா சமைக்கறதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. அந்தத் தாள இப்பதான் கிழிச்சுப் போட்டாங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

பாத்தியா, எப்படிப் பேசப் பழக்கி வச்சுருக்கா பொண்ண. எனக்கு அன்னிக்கி ரொட்டி சானாயும் வரல.

ஞாயித்துக்கெழம காலையில, இவன் ஹாஸ்டலுக்குக் கெளம்பணும். நான் குளிச்சுட்டு வந்து பாக்கறேன், கூடத்துல எல விரிச்சுருக்கு. காலையில ஏழு மணிக்கு எல. தீபன் சம்மணம் போட்டு உக்காந்துருக்கான். வளர்மதி சோறு வச்சு, சாம்பாரு ஊத்துறா. அவன் என்னப் பாத்துக்கிட்டே பெசஞ்சான். நாலு கை உள்ள போயிருச்சு.

"டேய்"ன்னேன்.

"அம்மா, நான் எட்டு நாளும் இங்கதான் சாப்ட்டேன். நீ குளிக்கப் போறப்ப, நீ தூங்குறப்ப. இன்னிக்கி உன் முன்னாடி சாப்பிடணும்னு தோணுச்சு"ன்னான்.

மோரு வரைக்கும் சாப்ட்டான். கையக் கழுவிட்டு வந்து, அலமாரி மேல வச்சுருந்த தாம்பாளத்த அவனே எடுத்து அத்தை கையில குடுத்து, திரும்ப அவ கையில இருந்து வாங்கிக்கிட்டான். "எங்களுக்குச் சம்மதம் அத்தை. லோஷினிக்கு நல்லபடியா செய்ங்க"ன்னான். எங்களுக்காம். பால்குடி மறந்து நேத்திக்குத்தான் நடந்த மாதிரி இருக்கு, எங்களுக்காம். லோஷினி அவன் தோள்ல ஒரு குத்து குத்துச்சு, கூடப் பொறந்தவனக் குத்துற மாதிரி. அப்புறம் எங்கால்ல விழுந்துச்சு. விழுந்த பிள்ளைய என்ன செய்யறது, நல்லா இருன்னுதான் சொல்லணும். சொன்னேன்.

ஹாஸ்டல் வாசல்ல ஒரு சாரு நோட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நானும் பஸ்ஸுல கூட வரேன், தோட்டத்தப் பாத்துட்டு சாயங்காலம் எறங்கிக்கறேன்னேன். "பேரண்ட்ஸுக்கு எடம் இல்லம்மா"ன்னாரு. அவ்வளவு பெரிய பஸ்ஸு, பாதி சீட்டு காலி. எல்லாப் பசங்களும் ஒரே மாதிரி மஞ்சச் சட்ட. இவனும் ஒண்ண வாங்கி மாட்டிக்கிட்டு உள்ள போனான். திரும்பிப் பாப்பான்னு நின்னுக்கிட்டே இருந்தேன். பஸ்ஸு கெளம்புன பிறகு எந்தத் தல எம்பையன் தலன்னு தெரியல. வெயிலு அடிச்சுது. வளர்மதி குடைய எந்தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு நின்னுருக்கா, அதக்கூட நான் பெறகுதான் பாத்தேன்.

அன்னிக்கி ராத்திரி அவ என்னச் சாப்பிடக் கூப்பிடல. எட்டு நாள்ல அன்னிக்கித்தான் கூப்பிடல. கூப்பிட்டுருந்தா என்ன செஞ்சுருப்பேன்னு தெரியல. அடுக்கள வாசல் வரைக்கும் ஒரு தடவ போனேன். வெளக்க அணைச்சுருந்தா. திரும்பி வந்து படுத்துட்டேன்.

இன்னிக்கி விடியக்காலம் ஏர்போர்ட்டுல, உள்ள போற எடத்துல, இந்தப் பைய எங்கையில வச்சா. வேணாம்னு சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணி, வழியில எங்கயாச்சும் உக்காந்து சாப்பிடுங்க. என் வீட்ல சாப்ட்டதா இருக்காது"ன்னா.

அவ்வளவுதான். ஒரு குத்தலும் இல்ல, அழுகையும் இல்ல. நல்லாத் திட்டிருந்தா நானும் நாலு வார்த்த சொல்லிட்டு வந்துருப்பேன். இப்ப என்னத்தச் சொல்றது. பிளேன்ல நாலு மணி நேரம் மடியிலயே வச்சுருந்தேன். பக்கத்துல இருந்தவன் பைய மேல வைக்கட்டுமான்னு கேட்டான். வேண்டாம்னேன்.

இரும்மா, போன் அடிக்குது.

ம்... சொல்லுங்க... கீரனூர் தாண்டியாச்சு... எங்க நிக்கிறீங்க? பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கு வந்தீங்க, கால வச்சுக்கிட்டு?... ஆட்டோவுலயா... உக்காந்துருக்கீங்களா, நிக்கிறீங்களா?... தீபன் நல்லாருக்கான்... ம், வாங்கிக்கிட்டாச்சு, தட்ட வாங்கிக்கிட்டாச்சு... அது நேர்ல சொல்றேன். வைங்க.

எங்க வீட்டுக்காரருதான். ரெண்டு மாசமா வாசப்படி தாண்டாத மனுசன். என்ன கேக்கறதுக்கு வந்து நிக்கிறாருன்னு எனக்குத் தெரியும். எறங்குனதும் பெட்டிய வாங்க மாட்டாரு, பையன் எப்படியிருக்கான்னு கேக்க மாட்டாரு. சாப்ட்டியா, அவ கையால சாப்ட்டியான்னுதான் கேப்பாரு. நான் அவருகிட்ட எத்தனையோ பொய் சொல்லிருக்கேன். இந்த ஒண்ணு சொல்ல வராது.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும் புதுக்கோட்டைக்கு? கால் மணி நேரமா? இந்தப் பைய லேசாப் புடிச்சுக்கம்மா. பொட்டலத்தப் பிரிக்கணும். வாழெல வாட்டிக் கட்டிருக்கா பாரு, எங்கதான் கெடச்சுச்சோ. புளிச்சோறு. நெனச்சேன். இந்தா, நீயும் ஒரு வாய் எடுத்துக்க. வேண்டாமா? சரி.

...

வெந்தயம் போடல.

இல்லம்மா, காரம் எல்லாம் இல்ல. கண்ணுல தூசி. சன்னல் வழியா வருதுல்ல. நல்லாத்தான் கிண்டிருக்கா. புளி கொஞ்சம் தூக்கல், அது அந்த ஊருப் புளி, அவ என்ன பண்ணுவா. இருபத்தியாறு வருஷம் ஆச்சு, வெந்தயம் போடல பாரு. அவ வீட்ல எட்டு நாளு பசியோட கெடந்தேன், நான் ஒரு வாய் சாப்ட்டுருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? கூறு கெட்டவ நான்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? அந்தா நிக்கிறாரு, கம்ப ஊனிக்கிட்டு. நீல வேட்டி. எட்டி எட்டிப் பாக்கறாரு.

தண்ணி பாட்டில உள்ள வையிம்மா. கை கழுவல. எறங்குனதும் அவரு பாக்கட்டும்.